மார்ட்டின் பார்லர் மற்றும் பலர்

போன சனிக்கிழமை காலை என் மகள் கேட்ட ஒரு கேள்வியில் எனக்குத் தேநீர் புரையேறி மூக்கால் வந்துவிட்டது. மகள் ஸ்காபரோவில் பிறந்தவள். பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டு நாலு மாதமாகிறது. அவளுடைய தமிழ் வார இறுதி வகுப்பில் படித்த தமிழ். பேச்சிலும் வேற்றுமை உருபு தவறாது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இப்போது ஓட்ஸ் பால், பாதாம் பால், சோயாப் பால் என்று வரிசையாக நிற்பதால், எந்தக் கோப்பைக்குள் எது போனது என்று யாருக்கும் தெரிவதில்லை. அவள் என் கோப்பையை எட்டிப் பார்த்து, மிகுந்த கவலையோடு, "அப்பா, இது மாட்டின் பாலா?" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் மேசை விரிப்பு நனைந்தது. "வாட் இஸ் ஸோ ஃபனி? நான் சரியாத்தானே சொன்னேன்?" என்று அவள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சரியாகத்தான் சொன்னாள். முப்பது வருடங்களுக்கு முன்னர் இதே கேள்வியை ஒரு வெள்ளைக்காரர் தொலைபேசியில் எங்கள் பூமணி அன்ரியிடம் கேட்டார். அவர் அப்படிக் கேட்கவே இல்லை என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் அன்ரி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மகளுக்கு இதையெல்லாம் கேட்கப் பொறுமை கிடையாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டோர்செட் பார்க்கில் மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு தெருவில் பூமணி அன்ரியின் வீடு. மேலே அன்ரி குடும்பம், கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு நாங்கள் மூன்று பொடியன்கள். பேஸ்மென்றுக்கு என்று ஒரு மணம் உண்டு. உடுப்புத் தோய்க்கும் தூள், மேலே வறுபடும் மிளகாய், சூடாக்கும் இயந்திரத்தின் மேல் காயப்போட்ட காலுறை. இன்றைக்கும் யார் வீட்டிலாவது மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மலுக்கு முன்னர் பாட்டு ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் இன்னிசைக் குழு அங்கேதான் ஒத்திகை பார்த்தது. குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. அது மிகவும் நீளம். பதாகையில் எழுதியபோதே கடைசி இரண்டு எழுத்தும் மடிந்து பின்பக்கம் போய்விட்டன.

குழுவை நடத்தியவர் சிவம் அண்ணை. ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், இங்கே கார்க் கதவுகளுக்கு ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையில் நின்றார், கீபோட் வாசிப்பார். நான் செயலாளர். எனக்கு எழுத வரும், வாசிக்க வராது. ஆனால் மேடையில் ஏற அடங்காத ஆசை. அதைக் கண்ட சிவம் அண்ணை ஒரு டேம்பரினைக் கையில் தந்து, "நல்லாக் குலுக்கு. ஆனா மைக்குக்குக் கிட்ட மட்டும் வந்திடாதை" என்றார். நானும் வாத்தியக்காரன் ஆனேன்.

அந்த வருடம் எங்கள் பேஸ் கிற்றார்காரன் கல்யாணம் கட்டி மொன்றியலுக்குப் போய்விட்டான். பேஸ் என்பது அடியில் ஓடுகிற தடித்த நாலு நரம்புக் கிற்றார். அது இருக்கும்போது யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் பாட்டு நோஞ்சானாகிவிடும். தமிழர்களில் தேடிக் கிடைக்காமல், டான்ஃபோர்த் வீதியில் ஒரு பழைய வாத்தியக் கடைக் கண்ணாடியில் நான் ஆங்கிலத்தில் ஒரு விளம்பரம் ஒட்டினேன். பேஸ் மான் தேவை, இந்த எண்ணுக்கு அழைக்கவும். எண் பூமணி அன்ரி வீட்டு எண். வீட்டுக்கே ஒரு தொலைபேசிதான், அதுவும் மேலே அன்ரி சமைக்கும் குசினிச் சுவரில்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது அன்ரி படிக்கட்டில் காத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒருத்தன் போன் எடுத்தவன். முதல் பேஸ்மென்ற் எண்டு என்னவோ கேட்டான். பேஸ்மென்றிலை ஆக்கள் இருக்கினம் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஐயோ அன்ரி, பேஸ் மான் எண்டிருப்பான்."

"என்ன மானோ. பிறகு கேட்டான், மாட்டின் பாலா எண்டு."

"என்னது?"

"மாட்டின் பாலா எண்டுதான் கேட்டான். எங்கடை ஆக்களெண்டால் மாட்டுப் பாலோ எண்டெல்லே கேப்பினம்? உவன் ஆரோ இந்தியாப் பொடியன், நல்லாப் படிச்சவன் போலை. பையிலை வாற பால்தான் தம்பி, மாடோ மெசினோ எனக்குத் தெரியாது எண்டன். திரும்பத் திரும்ப அதையே கேட்டான். பால் வேணுமெண்டால் கடைக்குப் போ எண்டு வைச்சிட்டன்."

அடுத்த நாளும் அந்த அழைப்பு வந்தது. இந்த முறை நான் எடுத்தேன். தடித்த, பொறுமையான ஒரு குரல். பிரித்தானியர். தன் பெயர் மார்ட்டின் பார்லர் என்றார். அவருடைய ஊர் ஆங்கிலத்தில் ரகரம் எழுத்தில் இருக்கும், வாயில் வராது. ஆகவே அவர் தன் பெயரைச் சொல்லும்போது அட்சரம் பிசகாமல் 'மாட்டின் பாலா' என்றுதான் கேட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர், "அந்த அம்மா என்னிடம் ஏதோ கோபமாக இருக்கிறார் போலிருக்கிறது" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஐம்பதைத் தாண்டிய நெட்டையான மனிதர். பேஸ்மென்றின் கூரைக்குப் பயந்து குனிந்தபடியே நின்றார். நரைத்த முடியைப் பின்னால் ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தார். மிசிசாகாவில் அலுவலகங்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் இறக்கும் வேலை. அன்ரி தேநீரோடு வந்து, கோப்பையைக் காட்டி, தமிழிலேயே, "மாட்டின் பால்தான், பயப்பிடாமல் குடியும்" என்றார். அன்றிலிருந்து குழுவில் அவருக்குப் 'பால் அண்ணை' என்று பெயர் விழுந்தது. தமிழ் வாய்க்குத் தன் பெயர் வராது என்பதை அவரும் அன்றே ஏற்றுக்கொண்டார். இந்தப் பெருந்தன்மைதான் பிறகு எல்லா வினைக்கும் காரணமானது.

அவருடைய கதையை நான் துண்டு துண்டாகக் கேட்டேன், பெரும்பாலும் சிவம் அண்ணையின் வான் வண்டியில், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்துகொண்டு. பிறந்தது ஹல் என்ற துறைமுக நகரம். தகப்பன் மீன் இறக்கும் தொழிலாளி. பதினாறு வயதில் நாலு பொடியன்கள் சேர்ந்து ரொக் குழு தொடங்கியபோது மூன்று பேர் கிற்றார் வாசித்தார்கள். அதில் ஆகத் திறமை குறைந்தவரிடம் பேஸைக் கொடுத்தார்கள். அது இவர். "நாலு நரம்பு, நாலு விரல். கணக்குச் சரியாக இருந்தது" என்பார். மதுக்கூடங்களிலும் நடன மண்டபங்களிலும் ஐந்து வருடம் வாசித்து, ஒருநாள் லண்டனில் ஒரே பின்னேரத்தில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். பாட்டு நாலே நாலு பேஸ் சுரத்தோடு தொடங்கும். அந்த நாலு சுரமும் இவர் போட்டது.

அடுத்த கிழமை இவருக்குக் குடல்வால் வெடித்தது. வைத்தியசாலையில் பத்து நாள். அதற்குள் இசைத்தட்டின் உறைக்குப் படம் எடுக்கவேண்டி வந்தது, இவருடைய இடத்தில் வேறு ஒருவரை நிற்க வைத்தார்கள். இசைத்தட்டு வெளிவந்தது, உலகமெல்லாம் ஓடியது. உறையில் அந்த மற்றவரின் படம், கீழே அவரின் பெயர். குழு அவரையே வைத்துக்கொண்டது. ஏன் என்று கேட்டேன். "அவனுக்குத் தலைமுடி நன்றாக இருந்தது" என்றார் மார்ட்டின்.

நான் நம்பவில்லை. ஸ்காபரோவில் அப்போது ஆளுக்கொரு கதை. ஊரில் டொக்டராக இருந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு கோப்பை கழுவியவர்களில் சிலர் உண்மையிலேயே டொக்டர்கள், சிலர் இல்லை. ஒருநாள் ஒத்திகை இடைவேளையில் அவர் அந்த நாலு சுரத்தையும் சும்மா தட்டினார். வடையைக் கடித்துக்கொண்டிருந்த சிவம் அண்ணை அப்படியே நின்றுவிட்டார். "அட, உது நான் தபால் கந்தோரிலை ரேடியோவிலை கேட்ட பாட்டெல்லே!" என்றார். பாட்டின் பெயர் அவருக்குத் தெரியாது, பாடியவர்களைத் தெரியாது. ஆனால் அந்த நாலு சுரத்தையும் திரும்ப வாயால் பாடிக் காட்டினார். மார்ட்டின் பேஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மற்றவர்களின் இசைத்தட்டுகளுக்கு எத்தனையோ வாசித்திருக்கிறார், ஒன்றிலும் பெயர் இல்லை. ஒன்றில் 'பேஸ்: ஒரு நண்பர்' என்று போட்டார்களாம். எழுபதுகளில் வேறொரு குழுவோடு சுற்றுப்பயணமாகக் கனடா வந்தார். வானில் யார் முன் இருக்கையில் இருப்பது என்ற சண்டையில் அந்தக் குழு மிசிசாகாவில் ஒரு மோட்டலில் உடைந்தது. மற்றவர்கள் திரும்பிப் போனார்கள். இவர் ஒரு தாதியைக் காதலித்து நின்றுவிட்டார். பிறகு தாதியும் போய்விட்டார், இவர் மட்டும் மிச்சம்.

எங்கள் பாட்டுகளைப் படிக்க அவருக்குக் கசெட்டுகள் கொடுத்தோம். அடுத்த ஞாயிறு கண்கள் சிவக்க வந்தார். இந்தப் பாட்டுகளில் பேஸ் இப்படி ஓடுகிறதே, இது பக்கவாத்தியம் இல்லை, தனியாக இன்னொரு பாட்டு, யார் வாசித்தது என்று கேட்டார். நாங்கள் கசெட் அட்டைகளை எடுத்துத் தேடினோம். இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர்கள், படத்தைத் தயாரித்தவர் எல்லோரும் இருந்தார்கள். பேஸ் வாசித்தவரைக் காணவில்லை. "அங்கேயும் அப்படித்தானா" என்று மார்ட்டின் அட்டையை மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு சிவம் அண்ணையிடம், கொஞ்சம் கூச்சத்தோடு, "உங்கள் நிகழ்ச்சியில் வாத்தியக்காரர்களின் பெயர் வாசிப்பீர்களா?" என்று கேட்டார். முப்பது வருடத்தில் ஒருவரும் ஒலிவாங்கியில் தன் பெயரைச் சொன்னதில்லை என்றார். சிவம் அண்ணை நெஞ்சைத் தட்டி, "ஷுவர், ஷுவர்! ஆல் நேம்ஸ்!" என்றார். பெயர்ப் பட்டியல் எழுதவேண்டியது செயலாளர்.

இனி வருவது என் குற்றம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நிகழ்ச்சி. அறிவிப்பாளர், ஊரில் தமிழ் வாத்தியாராக இருந்தவர், நாங்கள் குரல் மாஸ்டர் என்போம். வெண்கலக் குரல், அதைவிடப் பெரிய கர்வம். "பத்துப் பேருக்கு மேலை வாசிக்கமாட்டன். சனம் கொட்டாவி விடும்" என்று சட்டம் போட்டிருந்தார். பாடகர்கள் நாலு, வாத்தியக்காரர் ஐந்து, ஆக ஒன்பது. பத்தாவது இடம் ஒன்று. மிச்சம் இரண்டு பேர்: முப்பது வருடம் பேஸ் வாசித்த மார்ட்டின் பார்லர், மூன்று மாதம் டேம்பரின் குலுக்கிய நான். எனக்கு அன்றைக்குச் சபையில் பார்க்கவேண்டிய ஒரு பெண் இருந்தாள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பத்தாவதாக என் பெயரை எழுதி, கீழே 'மற்றும் பலர்' என்று போட்டேன். அந்தப் பலரில் இருந்தது ஒரே ஒருவர்தான். வெள்ளைக்காரருக்குத் தமிழ் விளங்கவா போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

திரை விலகியது. குரல் மாஸ்டர் ஒவ்வொரு பெயராக முழங்க, ஒவ்வொருவராக எழும்பிக் கும்பிட்டோம். நானும் எழும்பி, டேம்பரினை ஒருதரம் குலுக்கினேன். அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளோடு கதைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் மூச்சை இழுத்து, இரண்டு சொல்லையும் ஒன்றாக ஒட்டி, மண்டபம் அதிர முடித்தார்: "மற்றும்ம்ம்பலர்!"

மார்ட்டின் எழுந்தார்.

பேஸைத் தோளில் தொங்கவிட்டபடி, ஆறடிக்கு மேல் நிமிர்ந்து நின்று, எங்களைப் பார்த்துப் பழகியபடி இரண்டு கையையும் கூப்பிக் குனிந்தார். பிறகு, வெள்ளைக்காரர் கும்பிடுகிறார் என்ற சந்தோஷப் புளுகத்தில் சனம் கைதட்டியது. எனக்குக் கிடைக்காத கைதட்டல். சிவம் அண்ணை கீபோடுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. மார்ட்டின் பார்லர், மற்றும் பலர். அவர் தன் பெயரைக் கேட்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்து கேபிள்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார். உங்கள் ஆள் பெயரைக் கொஞ்சம் வளைத்துத்தான் சொன்னார், ஆனாலும் கடைசியில் வைத்துச் சொன்னாரே, எங்கள் ஊரில் முக்கியமானவரைத்தான் கடைசியில் சொல்வார்கள் என்றார். கண் கலங்கியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து சிவம் அண்ணை என் காலை மிதித்தார்.

"சொல்லிக் கில்லிப்போடாதை," என்றார் வானில். "அந்தாள் மனம் விட்டுப்போகும். போனால் பேஸுக்கு ஆரைப் பிடிக்கிறது?"

"பாவம் அண்ணை."

"பாவம்தான். அதுதான் சொல்லாதை எண்டுறன்."

அடுத்த நிகழ்ச்சிக்குப் பேரைச் சரியாக எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் 'மற்றும் பலர்' என்று முடியும் சுவரொட்டி வந்துவிட்டது. மார்ட்டின் அதைப் பிளாசாவில் பார்த்துவிட்டு, "இதில் நான் எங்கே?" என்று கேட்டார். நான் ஒரு நொடிகூடத் தயங்காமல் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன். பொய் சொல்வதில் எனக்கு இவ்வளவு வேகம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். அவர் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். புள்ளி வைத்த எழுத்துகள் எத்தனை என்று எண்ணினார். "அழகாக இருக்கிறது" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் கூத்து. வேறொரு குழுவின் நிகழ்ச்சிக்குச் பார்வையாளர்களாகப் போயிருந்தோம். அங்கேயும் அறிவிப்பாளர் "மற்றும் பலர்" என்று முடித்தார். பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த மார்ட்டின் திடுக்கிட்டு, பாதி எழும்பி, தலைகுனிந்து வணங்கிவிட்டு இருந்தார். "நான் வந்திருப்பதைப் பார்த்துவிட்டார்கள். எவ்வளவு பண்பான மனிதர்கள்" என்று என் காதுக்குள் சொன்னார். முன்வரிசை மாமி ஒருவர் திரும்பிப் பார்த்து, கால் பிடித்துக்கொண்டதாக்கும் என்று நினைத்துக் கோடாலித் தைலப் போத்தலை நீட்டினார்.

இன்னொரு முறை குரல் மாஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவருக்குப் பதிலாக வந்தவர் தனித்தமிழ்ப் பிரியர். பெயர்களை வாசித்து, "முதலானோர்" என்று முடித்துவிட்டார். மார்ட்டின் காத்துக்கொண்டு நின்றார். முதல் பாட்டின் தொடக்கத்தைத் தவறவிட்டார். அன்று முழுவதும் பேஸ் செத்த பாம்பாகக் கிடந்தது. வானில் போகும்போது, நான் ஏதாவது பிழையாக வாசித்தேனா என்று கேட்டார். அடுத்த நாளே சிவம் அண்ணை உத்தரவு போட்டார்: "அறிவிப்பாளர் ஆரெண்டாலும் மற்றும் பலர் எண்டுதான் முடிக்கோணும். உந்த முதலானோர், ஏனையோர் ஒண்டும் வேண்டாம்."

அன்றைக்குப் பிறகு எனக்கு அது பகிடியாக இருக்கவில்லை. ஒரு மனிதர் தன் பெயருக்காக இப்படிக் காத்து நிற்கிறார், அவருடைய இடத்தில் டேம்பரினோடு நான் இருக்கிறேன். அந்தப் பெண்ணும் அதற்குள் வேறு யாரையோ கல்யாணம் கட்டிவிட்டாள் என்பதையும் நேர்மைக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

அடுத்த வருடம் எங்கள் சொந்தப் பாட்டுகள் ஆறைப் பேஸ்மென்றில் பதிவு செய்து கசெட் போட்டோம். கூர்ந்து கேட்டால் மூன்றாவது பாட்டில் பூமணி அன்ரி யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்கும். அட்டை எழுதும் வேலை வழக்கம்போல எனக்கு. பத்தாவது வரியில் இருந்த என் பெயரை வெட்டினேன். அங்கே எழுதினேன்: பேஸ் கிற்றார் - மார்ட்டின் பார்லர். ஒழுங்காக, ரகரம் மூன்றும் குறையாமல். கீழே பழக்க தோஷத்தில் 'மற்றும் பலர்' விழுந்துவிட்டது. சரி, அந்தப் பலர் இனி நான் ஒருவன்தானே, இருக்கட்டும் என்று விட்டேன். வெளியீட்டு விழாவுக்கு மாஸ்டரிடம் கொடுத்த துண்டிலும் அப்படியே எழுதினேன். மார்ட்டினுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பெயர் சரியாகக் காதில் விழட்டும், அவரே எழும்பட்டும், பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு காலில் விழலாம் என்று ஒரு நாடகம் என் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஒன்பது பெயர் முடிந்தது. குரல் மாஸ்டர் துண்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், புதுப் பெயரைக் கண்ட உற்சாகத்தில், மூன்று ரகரத்தையும் உருட்டி, லகரத்தை அழுத்தி, ஊரில் வரவு கூப்பிட்ட குரலில் முழங்கினார்: "பேஸ் கிற்றார், மார்ர்ட்டின் பார்ர்லர்ர்!"

சனம் கைதட்டியது. நான் திரும்பிப் பார்த்தேன். மார்ட்டினும் கைதட்டிக்கொண்டிருந்தார். யார் எழும்பப்போகிறார்கள் என்று மேடையின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். ஒருவரும் எழும்பவில்லை. நான் கையால் சைகை காட்டினேன். அவர் என் டேம்பரினைக் கேட்கிறேனாக்கும் என்று நினைத்துக் காலடியில் கிடந்ததை எடுத்து நீட்டினார். கைதட்டல் அங்கங்கே ஓய்ந்து நின்றது. மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"மற்றும்ம்ம்பலர்!"

மார்ட்டின் நிமிர்ந்து எழுந்து, கைகூப்பிக் குனிந்தார்.

நிகழ்ச்சி முடிந்து வெளிக்கூடத்தில் எல்லோரும் அன்ரி பொரித்த ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றோம். மார்ட்டின் கையில் புதுக் கசெட். என்னைத் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்டார். எனக்கு முன்னால் ஒரு பெயர் கூப்பிட்டார்களே, அந்த மனிதர் ஏன் வரவில்லை? இவ்வளவு பேர் கைதட்டினார்களே, அதைக் கேட்க ஆள் இல்லையே. கைதட்டும் இடத்தில் ஆள் இல்லாமல் போவதை நான் அனுபவித்திருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றார்.

இப்போது சொல்லிவிடவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்த சொல் வேறு. "பஸ் பிந்திவிட்டதாம்" என்றேன்.

"பாவம்" என்றார். அன்ரியிடம் கற்ற நாலைந்து தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. பிறகு மேசைக்குப் போய், கடதாசித் துண்டில் இரண்டு ரோல்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். "அவர் வந்தால் கொடு. கைதட்டல் பலமாக இருந்தது என்று சொல்லு."

பூமணி அன்ரி அந்தப் பக்கம் வந்தார். மார்ட்டின் அவருக்குக் கசெட் அட்டையை விரித்து, கடைசி வரியைக் காட்டி, "மீ" என்றார். அட்டையைப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரல் அதற்கு மேல் வரியில் அவருடைய சொந்தப் பெயரின் மேல் இருந்தது. அன்ரி மூக்குக்கண்ணாடியை ஏற்றி வாசித்தார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் இருந்ததையும் வாசித்திருப்பார்.

"ஓம் ஓம்," என்றார் மார்ட்டினிடம். "அது நீர்தான். வடிவா எழுதிக்கிடக்கு."

அந்த இரண்டு ரோல்ஸையும் நான்தான் தின்றேன். தொண்டையால் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். அன்ரியின் ரோல்ஸ் எந்த நிலையிலும் இறங்கும். தின்றுவிட்டு பஸ் தரிப்பில் நின்று அழுதேன், அதுவும் உண்மை.

அடுத்த வசந்தத்தில் அவருடைய தமக்கைக்கு உடம்பு முடியாமல் போய், பார்த்துக்கொள்ள ஹல்லுக்குத் திரும்பினார். தமக்கைக்குக் காட்ட ஐந்து கசெட் கேட்டார், பத்துக் கொடுத்தோம். அந்தக் கிறிஸ்மஸுக்கு அன்ரியின் முகவரிக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. தமக்கை கசெட்டை நாள்தோறும் போடச் சொல்கிறாளாம். ஆங்கிலத்தில் நாலு வரி. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில், சிறுபிள்ளை படம் கீறுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, புள்ளிகளை எண்ணி வைத்து, தமிழில் எழுதியிருந்தார்: மற்றும் பலர். அடுத்த கிறிஸ்மஸுக்கு அட்டை வரவில்லை.

சிவம் அண்ணை முதுகு வலியோடு கீபோடை விட்டார். குரல் மாஸ்டர் காலமானார். பூமணி அன்ரியும் போய்விட்டார். அவருடைய வீட்டை இடித்து இரண்டு மாடி உயர்த்திவிட்டார்கள், பேஸ்மென்ற் இப்போது படம் பார்க்கும் அறையாம். கல்யாண மண்டபங்களில் ஒரு பொடியன் மடிக்கணினியைத் திறக்கிறான், பேஸ், டேம்பரின் எல்லாம் அதற்குள்ளிருந்து வருகின்றன, வாசிக்கப் பெயர் இல்லை. புத்தக வெளியீடுகளில், சங்கக் கூட்டங்களில் மட்டும் எப்போதாவது யாராவது பட்டியலை வாசித்து "மற்றும் பலர்" என்று முடிப்பார்கள். எங்கே இருந்தாலும் நான் திரும்பிப் பின்வரிசையைப் பார்ப்பேன். ஒருவரும் எழும்புவதில்லை.